ட்ரோன்களை லேசரும் மைக்ரோவேவும் தடுத்துவிடுமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிய லேசர் ஆயுதச் சோதனையின் காணொளி ஒன்று வெளிவரும் போதெல்லாம் இரண்டு குரல்கள் கேட்கும். ‘இனி ட்ரோன்களின் கதை முடிந்தது’ என்பது ஒன்று, ‘எல்லாம் வெறும் விளம்பரம்’ என்பது இன்னொன்று. இரண்டுமே அவசரப்பட்டுச் சொல்வதுதான். இதைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும், தெரிந்தவரையிலான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆற்றல் ஆயுதம் என்று எதைச் சொல்கிறார்கள்?

குண்டையோ ஏவுகணையையோ எறியாமல், ஆற்றலையே ஒரு கற்றையாக்கி இலக்கின் மேல் பாய்ச்சும் ஆயுதம். ட்ரோன் தடுப்பைப் பொறுத்தவரை இரண்டு வகைகள்தான் கணக்கில் வருகின்றன. லேசர் ஒரு சின்ன இடத்தைச் சுட்டுப் பொசுக்குகிறது. உயர்திறன் மைக்ரோவேவ் ட்ரோனுக்குள் இருக்கும் மின்னணுச் சுற்றுகளைக் கலக்கி நிறுத்துகிறது. ஜாமரை இதில் சேர்ப்பதில்லை. ஜாமர் ட்ரோனுக்கும் அதை ஓட்டுபவருக்கும் இடையிலான பேச்சைக் குழப்புகிறது, ட்ரோனுக்கு எந்தச் சேதமும் செய்வதில்லை.

ஏன் இப்போது எல்லோரும் இதையே பேசுகிறார்கள்?

காசுதான் காரணம். 2017-ல் அமெரிக்க ஜெனரல் டேவிட் பெர்கின்ஸ் ஒரு கூட்டத்தில் ஒரு சம்பவத்தைச் சொன்னார். நட்பு நாடு ஒன்று, எந்த நாடு என்று அவர் சொல்லவில்லை, 200 டாலர் விலையுள்ள சாதாரண நான்கு விசிறி ட்ரோனைச் சுமார் 30 லட்சம் டாலர் மதிப்புள்ள பேட்ரியாட் ஏவுகணையால் வீழ்த்தியதாம். அன்றைக்கு அது ஒரு வேடிக்கைக் கதை.

இன்று அது அன்றாடக் கணக்காகிவிட்டது. ஈரானின் ஷாஹெத்-136 வகை ட்ரோனின் விலை 20,000 முதல் 50,000 டாலர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடுகிறார்கள். 2025 செப்டம்பரில் ஒரே இரவில் 800-க்கும் மேற்பட்ட ட்ரோன்களை ரஷ்யா உக்ரைன் மீது ஏவியது, அவற்றில் பாதியளவு வெறும் கண்கட்டுக்காக அனுப்பப்பட்டவையாக இருந்தாலும் தடுப்பவர் ஒவ்வொன்றையும் பார்த்தாக வேண்டும். செங்கடலில் ஏமன் நாட்டின் ஹூதி கிளர்ச்சியாளர்கள் ஏவிய ட்ரோன்களை வீழ்த்த, ஒன்று 20 லட்சம் டாலர் அளவுக்கு விலையுள்ள ஏவுகணைகளை அமெரிக்கப் போர்க்கப்பல்கள் செலவழித்தன.

விலையைவிட இருப்பு இன்னும் பெரிய தலைவலி. ஏவுகணை தீர்ந்தால் அடுத்தது தொழிற்சாலையிலிருந்து வரவேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகும். கப்பலின் செங்குத்து ஏவுகுழல்களை நிரப்ப வழக்கமாகத் துறைமுகத்துக்கே திரும்பவேண்டும். மின்சாரம் இருக்கும்வரை குண்டு தீராத ஒரு துப்பாக்கி கிடைத்தால் யாருக்குத்தான் ஆசை வராது?

ஒருமுறை சுட சில டாலர்தான் ஆகும் என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், ஆனால் பாதி உண்மை. பிரிட்டனின் டிராகன்ஃபயர் லேசருக்கு ஒரு சுடுதலுக்கு 10 பவுண்டுக்கும் குறைவு என்கிறது அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம். தென்கொரியா தன் பிளாக்-1 லேசருக்குச் சுமார் 2,000 வோன் என்று கணக்குச் சொல்கிறது. பிரிட்டன் சோதித்த மைக்ரோவேவ் கருவிக்கு ஒரு சுடுதலுக்கு 10 பென்ஸ்தான்.

நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 கிலோவாட் கற்றையை 5 விநாடி பாய்ச்சுவதாக வைத்துக்கொள்வோம். உள்ளே போகும் மின்சாரத்தில் மூன்றில் ஒரு பங்குதான் ஒளியாக வெளிவருகிறது என்று எடுத்துக்கொண்டால், 150 கிலோவாட் மின்சாரம் 5 விநாடி. அதாவது சுமார் 0.2 யூனிட். ஒரு மின்விசிறி சில மணிநேரம் ஓடும் செலவு. ஆக, அவர்கள் சொல்வதில் பொய் இல்லை.

இந்தக் கணக்கில் கருவியின் விலை இல்லை என்பதுதான் விஷயம். முதல் டிராகன்ஃபயர் கருவிகளைக் கப்பல்களுக்காகத் தயாரிக்க 2025 நவம்பரில் பிரிட்டன் போட்ட ஒப்பந்தம் 31.6 கோடி பவுண்டு. அமெரிக்க ராணுவம் 2023-ல் எபிரஸ் நிறுவனத்திடம் நான்கே நான்கு மைக்ரோவேவ் முன்மாதிரிகளுக்குக் கொடுத்த ஒப்பந்தம் 6.6 கோடி டாலர். அப்புறம் குளிரூட்டி, ஜெனரேட்டர், ரேடார், அவற்றை இயக்கப் பயிற்சி பெற்ற ஆட்கள், ஒளியியல் பாகங்களில் தூசி படியாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. இவை எதுவும் அந்த 10 பென்ஸில் அடங்காது. விலையுயர்ந்த கருவியைச் சில ஆண்டுகள் சும்மா வைத்திருந்துவிட்டு நான்கு ட்ரோன்களை வீழ்த்தினால், ஒரு ட்ரோனுக்கான செலவு ஏவுகணையையே தாண்டிவிடும்.

என்னைக் கேட்டால் இந்த விலை விவாதமே கொஞ்சம் திசைதிருப்பல். லேசரிடம் உண்மையில் தட்டுப்பாடாக இருப்பது பணமல்ல, விநாடி. அதை அடுத்து வரும் பதில்களில் பார்க்கலாம்.

லேசர் பட்டதும் ட்ரோன் வெடித்துச் சிதறுமா?

பெரும்பாலும் இல்லை. சினிமாவில் வருவதுபோலச் சிவப்புக் கோடும் தெரியாது. இந்த லேசர்கள் பெரும்பாலும் 1 மைக்ரானை ஒட்டிய அகச்சிவப்பு ஒளியில் இயங்குகின்றன. நம் கண்ணுக்கு அது தெரியாது, சத்தமும் இல்லை. பார்ப்பவருக்கு, பறந்துகொண்டிருந்த ட்ரோனின் ஒரு மூலையில் புகை கிளம்பி, இறக்கையோ வாலோ தொய்ந்து, அது கவிழ்ந்து விழுவது மட்டும்தான் தெரியும்.

சிறிய ட்ரோனின் உடம்பு பிளாஸ்டிக், நுரை, கார்பன் இழை போன்றவற்றால் ஆனது. அதனால் உருக்குவது சுலபம். ஆனால் எங்கே சுடுகிறோம் என்பது முக்கியம். இறக்கையின் நடுவில் ஓட்டை விழுந்தாலும் ட்ரோன் பறந்துகொண்டே இருக்கும். வால் பரப்பு, மோட்டாரைத் தாங்கும் கை, பேட்டரி, முன்பக்கக் கேமரா என்று ஏதாவது ஒரு பலவீனமான இடத்தைப் பார்த்து, அந்த ஓர் இடத்திலேயே கற்றையைப் பிடித்து வைத்திருக்க வேண்டும்.

கேமராவை மட்டும் குருடாக்குவதற்கு இவ்வளவு சக்தி தேவையில்லை. குறைந்த சக்தி லேசரே போதும். ஆனால் செயற்கைக்கோள் வழிகாட்டலில் மட்டும் பறக்கும் ட்ரோனுக்குக் கண் போனாலும் கவலையில்லை.

அப்படியானால் ஒரு லேசர் எத்தனை ட்ரோன்களைச் சமாளிக்கும்?

முழு விஷயமும் இந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஷாஹெத் வகை ட்ரோன் மணிக்குச் சுமார் 185 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது, அதாவது விநாடிக்கு 51 மீட்டர். நம் லேசர் 2 கிலோமீட்டருக்குள் வந்தால்தான் பயனுள்ள அளவுக்குச் சுடும் என்று வைத்துக்கொள்வோம். அந்த 2 கிலோமீட்டரைக் கடக்க ட்ரோனுக்கு 39 விநாடி ஆகும். ஒரு ட்ரோனைப் பொசுக்க 4 விநாடி, அடுத்ததைக் குறிபார்த்துப் பூட்ட 2 விநாடி என்றால், 39 விநாடிக்குள் ஆறு ட்ரோன்களைத் தடுக்கலாம். எல்லாம் சரியாக நடந்தால் ஆறு. ஏழாவது வந்து விழும்.

இன்னும் கொஞ்சம் நுணுக்கமாகப் பார்த்தால் இந்த ஆறும் தாராளமான கணக்குதான். 30 கிலோவாட் ஒளி 5 சென்டிமீட்டர் விட்டமுள்ள வட்டத்தில் போய்ச் சேர்ந்தால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் சுமார் ஒன்றரை கிலோவாட் விழுகிறது. உச்சிவெயிலைப்போல் 15,000 மடங்கு. பிளாஸ்டிக் தாங்காது. ஆனால் கற்றை கொஞ்சம் விரிந்து வட்டத்தின் விட்டம் 10 சென்டிமீட்டர் ஆகிவிட்டால், அடர்த்தி நான்கில் ஒன்றாகிவிடும். 4 விநாடி வேலை 16 விநாடிக்கும் மேல் இழுக்கும், இடையில் வெப்பம் பரவி ஆறிவிடுவதால் சில சமயம் வேலையே முடியாது. தூரத்தில் இருக்கும் முதல் ட்ரோனுக்குத்தான் கற்றை மிகவும் விரிந்திருக்கும். ஆகவே முதல் ட்ரோனே நம் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்றுவிடும்.

கை நடுக்கமும் உண்டு. கற்றையின் திசை ஒரு ரேடியனில் (கோணத்தை அளக்கும் அலகு) லட்சத்தில் ஒரு பங்கு ஆடினாலே 2 கிலோமீட்டரில் அது 2 சென்டிமீட்டர் அசைவு. ஓடும் வண்டியிலிருந்தோ ஆடும் கப்பலிலிருந்தோ, அங்கே அசைந்து பறக்கும் ட்ரோனின் ஒரே புள்ளியில் நிற்கவேண்டும். டிராகன்ஃபயர் ஒரு கிலோமீட்டர் தூரத்திலிருந்து ஒரு பவுண்டு நாணயத்தைத் தாக்கும் துல்லியமுள்ளது என்று பிரிட்டன் பெருமையாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். லேசர் ஆயுதத்தில் லேசரைவிடக் கஷ்டமானது அதைப் பிடித்து நிறுத்தும் தொலைநோக்கியும் கண்ணாடிகளும்.

ஆக, ‘எத்தனை கிலோவாட்’ என்பதோடு ‘எத்தனை விநாடி பிடித்து வைத்திருந்தார்கள், எத்தனை இலக்குகளை அடுத்தடுத்து’ என்றும் கேட்கவேண்டும். சோதனைக் காணொளிகளில் பெரும்பாலும் ஒரே ஒரு ட்ரோன், அதுவும் நேராகப் பறந்து வரும்.

சரி, 100 கிலோவாட், 300 கிலோவாட் என்று சக்தியைக் கூட்டினால் தீர்ந்துவிடுமே?

ஓரளவுக்குத் தீரும். சக்தி கூடினால் விநாடி குறையும், தூரம் கூடும். அதனால்தான் இஸ்ரேலின் ரஃபேல் நிறுவனம் அயர்ன் பீம் கருவியை 100 கிலோவாட் வகையில் செய்தது.

ஆனால் இரண்டு தடைகள் உண்டு. முதலாவது வெப்பம். 100 கிலோவாட் ஒளி வெளியே போனால் ஏறக்குறைய 200 கிலோவாட் வெப்பம் கருவிக்குள்ளேயே தங்கும். அதை வெளியேற்றாவிட்டால் லேசர் தன்னையே பொசுக்கிக்கொள்ளும். கப்பலுக்கும் நிலையான தளத்துக்கும் இது சமாளிக்கக்கூடிய விஷயம். கவச வண்டிக்குள் அடைப்பது வேறு கதை.

இரண்டாவது தடை காற்று. வெயிலில் காய்ந்த தார்ச்சாலைக்கு மேலே காற்று நெளிவதைப் பார்த்திருப்பீர்கள். வலிமையான கற்றை தான் போகும் வழியிலுள்ள காற்றைத் தானே சூடாக்கி அதேபோல் நெளியவைக்கிறது. சூடான காற்று குழிலென்ஸ் மாதிரி வேலைசெய்து கற்றையை விரித்துவிடும். சக்தியைக் கூட்டக் கூட்ட இந்தத் தொல்லையும் கூடும். ட்ரோன் நேராக நம்மை நோக்கி வந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் கற்றை ஒரே பாதையில் நின்று அந்தக் காற்றையே திரும்பத் திரும்பச் சுடுகிறது. பக்கவாட்டில் போகும் இலக்கென்றால் கற்றை நகர்ந்து புதுக்காற்றைத் தொடும். குறுக்கே காற்று வீசினாலும் நல்லது.

மழை, பனிமூட்டம், தூசி?

லேசருக்கு மூன்றும் எதிரி. அடர்ந்த மூடுபனியில் சில நூறு மீட்டரைக்கூடத் தாண்டாது. தூசிப்புயலில் ஒளி சிதறும், வெளிப்புறக் கண்ணாடியில் படியும் தூசி கற்றையின் சூட்டில் கருகி அந்தக் கண்ணாடியையே கெடுக்கும். ட்ரோனை அனுப்புபவர் வானிலை அறிக்கை பார்க்கமாட்டார் என்று நம்பமுடியுமா?

ட்ரோனுக்குக் கண்ணாடிப் பூச்சு அடித்தால் லேசர் தோற்றுவிடுமே?

இந்தக் கேள்வி வராத நாளே இல்லை. வீட்டுக் கண்ணாடி மாதிரி பளபளவென்று பூசினால் ஒளியெல்லாம் திரும்பிப் போய்விடும் என்ற நினைப்பு. நடப்பது அப்படியல்ல. நல்ல கண்ணாடியும் சில சதவீத ஒளியை உறிஞ்சும், அந்தச் சூட்டில் பூச்சு கருகத் தொடங்கினால் இன்னும் அதிகமாக உறிஞ்சும், கடைசியில் கண்ணாடியே இருக்காது. போதாததற்கு வழியெல்லாம் தூசி, ஈரம், பூச்சி. சேற்றுக்காட்டில் இருந்து ஏவப்பட்டு ஐந்நூறு கிலோமீட்டர் பறந்துவரும் ட்ரோன் பளபளப்பாக வந்துசேராது.

ஆனால் கேள்வியை அப்படியே தள்ளிவிடவும் முடியாது. வெப்பத்தைத் தாங்கும் பூச்சு ஒன்று 4 விநாடி வேலையை 8 விநாடியாக்கினால் போதும். மேலே போட்ட கணக்கில் ஆறு ட்ரோன்கள் நான்காகக் குறையும். தடுப்பவரைத் தோற்கடிக்க ட்ரோன் லேசரை வெல்லவேண்டியதில்லை, சில விநாடிகளைத் திருடினால் போதும். எடைதான் அதற்கு விலை. பூச்சின் எடை கூடும் அளவுக்கு வெடிமருந்தோ எரிபொருளோ குறையும்.

மைக்ரோவேவ் ஆயுதம் எப்படி வேலைசெய்கிறது?

மிக வலுவான ரேடியோ அலைத் துடிப்பை ஒரு பரப்பு முழுவதும் பாய்ச்சுகிறது. அந்த அலை ட்ரோனின் ஆன்டெனா, கம்பிகள், சுற்றுப்பலகையின் கோடுகள் எல்லாவற்றிலும் மின்னழுத்தத்தைத் தூண்டும். பறக்கும் கட்டுப்பாட்டுக் கணினி குழம்பி நின்றுபோகும், அல்லது ஏதாவது ஒரு சில்லு எரிந்துபோகும். மோட்டார்களுக்குக் கட்டளை வராவிட்டால் நான்கு விசிறி ட்ரோன் கல்போல விழும்.

லேசருக்கும் இதற்கும் உள்ள பெரிய வித்தியாசம்: இதற்குப் புள்ளி பார்த்துச் சுடத் தேவையில்லை, ஒன்றொன்றாகக் காத்திருக்கவும் தேவையில்லை. விநாடித் தட்டுப்பாடு இங்கே இல்லை. அமெரிக்க விமானப்படை ஆய்வகத்தின் ‘தோர்’ என்ற கருவி ஒரு சரக்குக் கொள்கலனுக்குள் அடங்கும். 2023 ஏப்ரலில் நியூ மெக்சிகோவின் கர்ட்லாண்ட் தளத்தில் அது ட்ரோன் கூட்டம் ஒன்றை வீழ்த்தியது. எபிரஸின் லியோனைடஸ் என்ற மைக்ரோவேவ் கருவி 2025 ஆகஸ்டில் இண்டியானாவில் நடந்த செயல்விளக்கத்தில் 49 ட்ரோன்களை ஒரே துடிப்பில் கீழே தள்ளியதாக நிறுவனம் அறிவித்தது. பிரிட்டன் வேல்ஸில் நடத்திய சோதனைகளில் மொத்தம் 100-க்கும் மேற்பட்ட ட்ரோன்கள் விழுந்தன, அவற்றில் எட்டு ஒரே நேரத்தில். கூட்டமாக வரும் சின்ன ட்ரோன்களுக்கு எதிராக என்னை ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், லேசரைவிட இதைத்தான் சொல்வேன்.

அப்புறம் ஏன் எல்லா இடத்திலும் மைக்ரோவேவையே வைக்கவில்லை?

தூரம்தான் பிரச்சினை. விரிந்து பரவும் அலை என்பதால், தூரம் இரண்டு மடங்கானால் வலிமை நான்கில் ஒன்றாகும், பத்து மடங்கானால் நூறில் ஒன்று. பிரிட்டன் தன் கருவிக்குச் சொல்லும் எல்லை 1 கிலோமீட்டர். ஷாஹெத் அந்தத் தூரத்தை 20 விநாடியில் கடந்துவிடும். மின்னணு செத்துப்போனாலும், ஏற்கெனவே வேகத்தில் இருக்கும் 200 கிலோ எடையுள்ள இறக்கை ட்ரோன் இன்னும் கொஞ்சதூரம் சறுக்கி வந்துதான் விழும். அந்தச் சறுக்கலின் கடைசியில் நாம் காக்கும் கட்டடம் இருக்கலாம்.

இன்னொன்று, இந்த அலைக்கு நம்மவர், எதிரி என்ற பேதம் தெரியாது. அதே வானில் பறக்கும் நம் ட்ரோனும், பக்கத்தில் இருக்கும் நம் ரேடியோவும் அதற்கு ஒன்றுதான். எந்தத் திசையில், எப்போது சுடுவது என்பதை எல்லோருடனும் பேசி வைக்கவேண்டும். ஊருக்கு நடுவே, விமான நிலையத்துக்குப் பக்கத்தில், மருத்துவமனை அருகில் என்றால் இது சுலபமான முடிவல்ல.

ட்ரோனின் சுற்றுகளை உலோக உறையால் மூடி, கம்பிகளுக்கு வடிகட்டி போட்டால் பாதிப்பைக் குறைக்கலாம். கொஞ்சம் எடையும் காசும் கூடும். மலிவான ட்ரோன் இனிமேல் அவ்வளவு மலிவாக இருக்காது என்பதே தடுப்பவருக்கு ஒரு லாபம்.

ஒளியிழைக் கம்பியோடு பறக்கும் ட்ரோன்களை என்ன செய்வது?

உக்ரைன் போரில் இரு தரப்பும் பயன்படுத்தும் வகை இது. பின்னால் மெல்லிய ஒளியிழையை அவிழ்த்துக்கொண்டே போகும். ரேடியோ இணைப்பே இல்லாததால் ஜாமர் வேலைக்காகாது. ஆனால் ட்ரோனுக்குள் சுற்றுப்பலகையும் மோட்டார் கட்டுப்பாடும் இருக்கத்தானே செய்கின்றன? அதனால் மைக்ரோவேவுக்கு அது தப்பாது. பிளாஸ்டிக் உடம்பு இருப்பதால் லேசருக்கும் தப்பாது. ஜாமர்கள் தோற்கத் தொடங்கிய பிறகு ஆற்றல் ஆயுதங்கள் மீது ஆர்வம் கூடியதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆனால் இந்தச் சின்ன ட்ரோன்கள் மரங்களுக்கு ஊடே, வேலி உயரத்தில், சந்துக்குள் புகுந்து வருகின்றன. லேசர் நேர்கோட்டில் போகும் பொருள். கண்ணுக்குத் தெரியாததை அதனால் சுடமுடியாது. கடைசி இருநூறு மீட்டரில் திடீரென்று தலைகாட்டினால் கையில் இருப்பது ஐந்தாறு விநாடிதான்.

உண்மையான போரில் பயன்பட்டிருக்கிறதா, சோதனையோடு சரியா?

பயன்பட்டிருக்கிறது, ஆனால் சிறிய அளவில். அமெரிக்கக் கடற்படை 2014-லேயே பாரசீக வளைகுடாவில் இருந்த போன்ஸ் என்ற கப்பலில் 30 கிலோவாட் லேசரை வைத்தது. பிறகு பிரெபிள் என்ற நாசகாரிக் கப்பலில் 60 கிலோவாட் வகை ஹீலியோஸ் லேசர் ஏறியது, சோதனையில் ட்ரோனையும் வீழ்த்தியது. தென்கொரியா பிளாக்-1 லேசரைப் படையில் சேர்த்தது. இந்தியாவின் பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ 2025 ஏப்ரலில் கர்னூல் சோதனைக் களத்தில் 30 கிலோவாட் லேசரால் இறக்கை ட்ரோனையும் ட்ரோன் கூட்டத்தையும் தாக்கிக் காட்டியது.

போர்க்கள அனுபவம் என்றால் இரண்டு உதாரணங்கள் எனக்கு முக்கியமாகத் தோன்றுகின்றன. ஒன்று இஸ்ரேல். லெபனானின் ஹிஸ்புல்லா அமைப்புடனான போரில் குறைந்த சக்தி கொண்ட லேசர் முன்மாதிரிகள் பல ட்ரோன்களை வீழ்த்தியதாக 2025-ல் அந்நாட்டுப் பாதுகாப்பு அமைச்சகம் காணொளியோடு அறிவித்தது. பெரிய அயர்ன் பீம் 2025 டிசம்பர் இறுதியில் படையிடம் ஒப்படைக்கப்பட்டது. அங்கே லேசர் தனியாக நிற்கவில்லை, ஏற்கெனவே இருக்கும் ரேடார்களோடும் ஏவுகணைகளோடும் சேர்ந்துதான் நிற்கிறது.

மற்றது அமெரிக்க ராணுவத்தின் ஸ்ட்ரைக்கர் கவச வண்டி. 50 கிலோவாட் லேசர் ஏற்றிய நான்கு வண்டிகளை 2024 தொடக்கத்தில் மத்திய கிழக்குக்கு அனுப்பினார்கள். வந்த பதில் அவ்வளவு உற்சாகமானதல்ல. சோதனைக் களத்தில் கிடைத்த முடிவும் களத்தில் கிடைத்த முடிவும் ஒன்றாக இல்லை, வெப்பத்தை வெளியேற்றுவதும், நெருக்கி அடைத்த மின்னணுவும், ஓடும் வண்டியின் தேய்மானமும் தொல்லை கொடுக்கின்றன என்று அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள். நிலையான தளத்தில் வைத்த லேசர்கள் பரவாயில்லை என்பதும் அதே அனுபவத்தில் தெரிந்தது. பளபளப்பான பத்துக் காணொளிகளைவிட இந்த ஒரு வாக்குமூலம் அதிகம் கற்றுத்தருகிறது.

லேசர் ஆயுதம் ‘இன்னும் ஐந்தே வருடம்’ என்று எத்தனை காலமாகச் சொல்கிறார்கள்! இப்போது மட்டும் என்ன மாறிவிட்டது?

சந்தேகம் நியாயமானது. அமெரிக்காவில் போயிங் 747 விமானத்துக்குள் ஒரு பெரிய ரசாயன லேசரை ஏற்றி, 2010-ல் பாலிஸ்டிக் ஏவுகணையை வீழ்த்திக் காட்டினார்கள். அடுத்த ஆண்டே திட்டத்தை மூடினார்கள். நச்சு ரசாயனங்களைத் தொட்டி தொட்டியாகச் சுமக்கவேண்டியிருந்தது, அது தீர்ந்தால் சுடமுடியாது.

மாறியது இரண்டு விஷயங்கள். தொழிற்சாலைகளில் உலோகம் வெட்டவும் பற்றவைக்கவும் வளர்ந்த ஒளியிழை லேசர்கள் ரசாயனத்தின் இடத்தைப் பிடித்தன. பல இழைகளின் ஒளியைச் சற்றே வேறுபட்ட அலைநீளங்களில் எடுத்து ஒரே கற்றையாகச் சேர்க்கும் முறையும் வந்தது. இலக்கும் எளிதாகிவிட்டது. அன்று குறி விண்ணைத் தொடும் ஏவுகணை, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரம். இன்று குறி பிளாஸ்டிக் இறக்கை, இரண்டு கிலோமீட்டர்.

ஓர் இடைமறிப்பு ட்ரோனை மோதவிட்டால் போதாதா? இவ்வளவு பாடு எதற்கு?

நல்ல கேள்வி, இதற்கு லேசர் ஆதரவாளர்கள் அவ்வளவு விரும்பிப் பதில் சொல்வதில்லை. ஷாஹெத்தைத் துரத்திப் போய் மோதும் ட்ரோன்களை உக்ரைன் சில ஆயிரம் டாலரில் செய்கிறது. அவை பத்து கிலோமீட்டருக்கும் அப்பால் போய் மோதும், தூசி படிந்து கருகிப்போகும் கண்ணாடியும் கிடையாது, பட்டறையில் செய்யலாம், நூறு தேவையென்றால் நூறு ஏவலாம். பழைய ஜெர்மானியக் கெபார்ட் பீரங்கியின் 35 மில்லிமீட்டர் குண்டுகளும் அங்கே அருமையாக வேலைசெய்தன.

ஆகவே இன்றைய நிலவரத்தில், பரந்த ஒரு நாட்டைக் காக்க என்னிடம் குறைந்த பணம் இருந்தால் இடைமறிப்பு ட்ரோன்களுக்கும் பீரங்கிகளுக்கும்தான் முதலில் செலவழிப்பேன். ஆற்றல் ஆயுதத்தை வாங்கினால், அவற்றைத் தாண்டி வருவதைக் கடைசி இரண்டு கிலோமீட்டரில் பிடிக்கத்தான்.

எந்த இடத்துக்கு இது பொருத்தம்?

கப்பல் முதலிடம். ஜெனரேட்டர் இருக்கிறது, குளிர்விக்கக் கடல் இருக்கிறது, ஏவுகணைக் குழல் குறைவு. அடுத்தது விமானத்தளம், மின்நிலையம், எண்ணெய்க் கிடங்கு போன்ற நிலையான, மதிப்புமிக்க, சின்னப் பரப்புள்ள இடங்கள். காலாட்படைப் பதுங்குகுழிக்கு இப்போதைக்கு வேண்டாம்.

ட்ரோனைத் தவறவிட்ட கற்றை எங்கே போகும்?

போய்க்கொண்டே இருக்கும். குண்டு என்றால் கீழே விழும், ஒளி விழாது. தூரம் போகப் போக விரிந்து வலிமை குறையும் என்றாலும், பின்னால் வரும் விமானத்தின் விமானி கண்ணுக்கோ, மேலே போகும் செயற்கைக்கோளின் உணர்கருவிக்கோ கேடு செய்யலாம். அதனால் அமெரிக்காவில் வானை நோக்கி வலிமையான ராணுவ லேசரைச் சுடுமுன் செயற்கைக்கோள் பாதைகளைச் சரிபார்த்து அனுமதி பெறும் ஏற்பாடு இருக்கிறது. போரின் நடுவில் அதற்கு எத்தனை விநாடி கிடைக்கும் என்பது வேறு.

மனிதக் கண்ணைக் குருடாக்கும் லேசருக்குத் தடை இருக்கிறதே, இது அதில் வராதா?

1995-ல் உருவான ஐ.நா. நெறிமுறை ஒன்று, நிரந்தரமாகக் குருடாக்குவதற்கென்றே வடிவமைத்த லேசர்களைத் தடைசெய்கிறது. ட்ரோனைப் பொசுக்கும் லேசர் அந்தத் தடைக்குள் வராது. ஆனால் பளபளப்பான பரப்பில் பட்டுத் தெறிக்கும் ஒளி பக்கத்தில் நிற்பவரின் கண்ணைக் கெடுக்கக்கூடும். அதனால் இயக்கும் குழுவுக்கு அந்த அலைநீளத்தைத் தடுக்கும் கண்ணாடி கட்டாயம்.

லேசர் பட்டு விழும் ட்ரோனில் இருக்கும் வெடிமருந்து என்ன ஆகும்?

பெரும்பாலும் அப்படியே கீழே வரும். லேசர் வாலைக் கருக்கினால் ட்ரோன்தான் கவிழும், ஷாஹெத்தின் மூக்கில் இருக்கும் 40 கிலோவுக்கும் மேற்பட்ட வெடிமருந்து செயலிழந்துவிடாது. அது விழுந்த இடத்தில் வெடிக்கலாம். கடலுக்கு மேல் என்றால் பிரச்சினை இல்லை. குடியிருப்புக்கு மேல் 1 கிலோமீட்டர் எல்லையுள்ள ஆயுதத்தால் வீழ்த்தினால், வீழ்த்தியதும் அந்தக் குடியிருப்பின் மேல்தான். அதனால் கருவியை எங்கே நிறுத்துவது என்று தீர்மானிப்பவர்கள், காக்கவேண்டிய கட்டடத்தின் கூரையை விட்டுவிட்டு, ட்ரோன்கள் வரும் பாதையில் வயலோ நீர்ப்பரப்போ உள்ள இடத்தைத் தேடுகிறார்கள். அப்படி ஓர் இடம் கிடைக்காத நகரத்துக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள் வேண்டியிருக்கும்.